கடலோரமாய்ப் புதுச்சேரிக்கு: அன்றும் இன்றும்

1980களில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் காரில் போக நினைத்த குடும்பத்துக்கு வழி பற்றிய யோசனையே தேவைப்படவில்லை. தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம். அங்கே இடப்பக்கம் திரும்பினால் புதுச்சேரி. வழியெல்லாம் ஏரி, வயல், புளியமரம். கடலை முதலில் பார்ப்பது ஊருக்குள் நுழைந்து கடற்கரைச் சாலையை எட்டிய பிறகுதான். நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்குக் கடற்கரை நீண்டு கிடந்தது. ஆனால் அதை ஒட்டியே போய்ச் சேரத் தொடர்ச்சியான நல்ல சாலை கிடையாது.

மாமல்லபுரம் வரை கடலோரச் சாலை இருந்தது. கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியதும், ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை அமைத்ததும் அந்தச் சாலையின் ஓரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் குடும்பங்கள் முதலையையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும். அதற்குத் தெற்கே கல்பாக்கம். அதற்கும் தெற்கே ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு சாலை உண்டு, அது மேற்கிலிருந்து வந்து கடலில் முடியும். அடுத்த குப்பத்துக்குப் போக மணலில் நடக்கலாம், படகில் போகலாம். காரில் போவதென்றால் வந்த வழியே நெடுஞ்சாலைக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

அதற்கும் முன்பு இந்தக் கரையை ஒட்டி ஒரு பெருவழி இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். அது தண்ணீர் வழி, பக்கிங்ஹாம் கால்வாய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு தெற்கே மரக்காணம் வரை வந்து சேர்ந்தது. ஆந்திரக் கரையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது அப்படித்தான். உப்பும் விறகும் இந்த வழியாகவே சென்னைக்குப் போயின. காற்று வாய்த்தால் பாய், வாய்க்காவிட்டால் கழி. அதுவும் போதாதபோது கரையில் நடந்தபடியே ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ இந்தக் கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் போன பயணத்தைப் பற்றியதுதான். 1960களின் புயல்கள் கால்வாயைக் கெடுத்தன, பிறகு பராமரிப்பும் போயிற்று. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் (ஈ.சி.ஆர்.) பழைய மாமல்லபுரம் சாலைக்கும் (ஓ.எம்.ஆர்.) நடுவே அது தூர்ந்து கிடக்கிறது. இரண்டு சாலைகளிலும் பறக்கும் கார்களில் இருப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கால்வாய் போன பிறகு, சாலை வருவதற்கு முன்பு என்று ஒரு முப்பது ஆண்டுகள் உண்டு. என் தலைமுறை பயணம் பழகியது அந்த இடைவெளியில்தான். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் குறைவு. தெரிந்தவரிடம் அம்பாசிடரை இரவல் வாங்குவார்கள், அல்லது டாக்சி ஸ்டாண்டில் பேசிவைப்பார்கள். டாக்சி என்றால் டிரைவரோடுதான். 1983-ன் கடைசியில் மாருதி 800 வந்தபிறகுதான், அப்பாவே ஓட்ட, அம்மா முன்னால் உட்கார, பிள்ளைகள் பின்னால் அடைந்துகொள்ளும் பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைவந்தது.

கிளம்புவதற்கு முதல் வாரமே வீட்டில் வேலை தொடங்கிவிடும். புதுச்சேரியில் இருக்கும் உறவினருக்கு ஒரு போஸ்ட்கார்டு. உறவினர் இல்லாதவர்கள் விடுதிக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா, ஃபேன் பெல்ட் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் காட்டி வாங்கிக்கொள்வார்கள். ரேடியேட்டர் கொதித்தால் ஊற்ற டிக்கியில் ஒரு கேன் தண்ணீர். குடிக்க எவர்சில்வர் கூஜாவில் வேறு தண்ணீர். வாழையிலையில் கட்டிய புளியோதரையும் தயிர்சாதமும், கூடவே வடகமோ வறுத்த மோர்மிளகாயோ. நடுவழியில் சாப்பாட்டுக் கடை இருக்கும் என்ற நம்பிக்கையில் யாரும் கிளம்பியதில்லை. மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவதும் பயணத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது, அதற்கேற்ற நிழலைத் தேடுவது அப்பாவின் பொறுப்பு.

துணிச்சலான சிலர் கல்பாக்கத்துக்கு அப்பாலும் கடலோரமாகவே போய்விடலாம் என்று முயன்று பார்ப்பார்கள். டீக்கடையில் வண்டியை நிறுத்தி, “அண்ணே, இப்படியே மரக்காணம் போயிடலாமா?” என்று கேட்பார்கள். “போலாம் சார். ஆனா நடுவுல மணலு. வண்டி மாட்டிக்கிச்சுன்னா நாங்கதான் வந்து தள்ளணும்” என்று பதில் வரும். அந்தப் பதிலில் வழியும் இருக்கும், எச்சரிக்கையும் இருக்கும், மாட்டிக்கொண்டால் வந்து தள்ளுவோம் என்ற வாக்குறுதியும் இருக்கும். இன்றைக்குக் கைப்பேசி சொல்லும் வழியில் முதலாவது மட்டுமே கிடைக்கிறது.

அப்படி முயன்று போனவர்கள் கண்ட கடற்கரையை இன்றைய பிள்ளைகளுக்கு விவரிப்பது கடினம். சவுக்குத்தோப்பு, பனை, தாழம்புதர், நடுவே உப்பங்கழி, அதைத் தாண்டி மணல்மேடு, அதன் மேல் கீற்றுக் குடிசைகள். குடிசைக்கும் அலைக்கும் நடுவே கட்டுமரங்கள் பிரித்துக் காயப்போடப்பட்டிருக்கும். கடலுக்கும் பார்ப்பவனுக்கும் குறுக்கே ஒரு மதில்கூட இருக்காது.

1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை நிறைவுற்றது. புதிதாக முழுவதையும் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிதறிக் கிடந்த மீனவ ஊர்ச் சாலைகளைக் கோத்து, விடுபட்ட இடங்களை இணைத்து, சென்னையிலிருந்து புதுச்சேரி வழியே கடலூர் வரை ஒரே சாலையாக்கினார்கள். பிறகு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பொறுப்பேற்றுச் சீரமைத்து, 2002 மார்ச்சில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. அந்த முதல் சில ஆண்டுகள் இந்தச் சாலையின் பொற்காலம் என்பேன். இரண்டு வழிச் சாலை, இருபுறமும் தோப்பு, முட்டுக்காட்டுப் பாலத்தில் ஒருமுறை, மரக்காணத்து உப்பளத்தில் ஒருமுறை என்று சட்டென வானம் திறந்துகொள்ளும். வண்டி குறைவு, வெளிச்சம் அதிகம். ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே அளவு மகிழ்ச்சி தந்த சாலை அது.

ஆனால் சாலை வந்த இடத்தில் மனை வரும். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை இருந்த தோப்புகள் பங்களாக்களாகவும், கல்யாண மண்டபங்களாகவும், கேளிக்கைப் பூங்காக்களாகவும் மாறின. உத்தண்டிக்குத் தெற்கே உல்லாச விடுதிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சாலையிலிருந்து கடல் வரை தனக்கென ஒரு கீற்று நிலத்தை மதில் கட்டி அடைத்துக்கொண்டது. 1991-லேயே கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்துவிட்டது. அது இல்லாவிட்டால் அலை நனைக்கும் மணலிலேயே சுவர் எழும்பியிருக்கும். இப்போது கானாத்தூர் பகுதியில் மணிக்கணக்காக ஓட்டினாலும் வலப்பக்கம் கடை, இடப்பக்கம் மதில். மதிலுக்குப் பின்னால் கடல் இருக்கிறது என்பதை விடுதிகளின் பெயர்ப்பலகைகள்தான் சொல்கின்றன.

கரையில் வாழ்கிறவர்களின் நிலையும் மாறிப்போனது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை குடிசைகளையும் கட்டுமரங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன் பிறகு வந்த நிவாரணத்தில் கீற்று போய்க் காரை வீடு வந்தது, பல குப்பங்கள் கடலை விட்டு உள்ளே தள்ளிக் குடியேற்றப்பட்டன. கட்டுமரம் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்ததும் அதன் காலம் ஏறத்தாழ முடிந்தது. அதே பேரலை சாளுவன்குப்பத்தில் மணலை அரித்து ஒரு கல்வெட்டுப் பாறையை வெளிக்காட்ட, தொல்லியல் துறை அங்கே தோண்டி மிகப் பழைய முருகன் கோயில் ஒன்றின் அடித்தளத்தைக் கண்டெடுத்தது. புலிக்குகையின் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் செங்கல் கட்டுமானத்தைப் பார்க்க நின்று போகிறவர்கள் மிகச் சிலர்.

கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பயிற்றுநர்களாகியிருக்கிறார்கள். இந்த மாற்றங்களில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாட்டன் கட்டுமரத்தில் நின்று பழகிய சமநிலையைப் பேரன் பலகையின் மேல் நின்று காட்டுகிறான். அங்குள்ள கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. கொஞ்சம் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். முன்பு கூஜாவில் தண்ணீர் சுமந்துகொண்டு இந்தக் கரைக்கு வந்த தென்சென்னைக்கு, இன்று இந்தக் கரையிலிருந்து தண்ணீர் போகிறது.

இனி இன்று கிளம்புகிறவரின் திட்டத்துக்கு வருவோம். கார் இல்லாததே இப்போது ஒரு தடை அல்ல. டிரைவர் இல்லாமல் வாடகைக்குக் கார் விடுவதற்கு 1989-லேயே மத்திய அரசின் திட்டம் வந்துவிட்டது. ஆனால் ஐம்பது வண்டியாவது வைத்திருப்பவர்கள்தான் அதில் இறங்க முடியும் என்ற நிபந்தனையால் நெடுங்காலம் அது ஏட்டில்தான் இருந்தது. கைப்பேசிச் செயலிகள் வந்து, 2013-ஐ ஒட்டி இந்தத் தொழில் சூடுபிடித்தது. வண்டி எடுக்கும்போது எண் பலகையைப் பாருங்கள். தானே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை வாடகைக்கு எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதி என்பதால், எல்லை தாண்ட அனுமதிச்சீட்டோ வரியோ வேண்டுமா என்று வண்டி கொடுப்பவரிடம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைக் கையில் வாங்கியதும் நாலாபுறமும் படம் எடுத்துவைப்பது நல்லது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திறந்து பாருங்கள். அப்பா தலைமுறையின் அந்த ஒரு பழக்கம் இன்றும் காலாவதியாகவில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். அதில் பணம் இருக்கிறதா, அது யார் கணக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டும் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு நிமிடக் கணக்கு மட்டுமே தெரியும். ஐந்து நிமிடம் மிச்சமென்றால் உங்களை ஓ.எம்.ஆரிலோ திண்டிவனம் வழியிலோ தள்ளிவிடும். கடலோரமாகத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தால், புதுச்சேரி என்று மட்டும் தட்டாமல் மாமல்லபுரம், கடப்பாக்கம், மரக்காணம் என்று ஒவ்வொரு ஊராகப் பதிந்துகொள்ளுங்கள். அன்று திட்டம் போட்டவர்களின் கவலையெல்லாம் போய்ச் சேருவதைப் பற்றியது. இன்று மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கே நிற்கப்போகிறோம் என்று முன்கூட்டி முடிவு செய்யாதவர்கள் எங்குமே நிற்பதில்லை. கடலோரச் சாலையில் போய் வந்ததாகச் சொல்லும் என் நண்பர்களில் பாதிப்பேர் வழியில் கடலைப் பார்க்கவே இல்லை என்பதைப் பேச்சுவாக்கில் கேட்டு வருந்தியிருக்கிறேன்.

நாள் தேர்வுதான் முதல் வேலை. சனிக்கிழமை காலை சென்னையை விட்டுக் கிளம்புவதையும் ஞாயிறு மாலை திரும்புவதையும் தவிர்த்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. வார நாளில் விடுப்பு கிடைத்தால் செவ்வாயைத் தவிர்த்து வேறு நாளாகப் பாருங்கள். அன்று முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. தை முதல் பங்குனி வரை பருவம் இதமானது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உப்பங்கழிகளில் தண்ணீர் நிறைந்து, வலசைப் பறவைகள் வந்திருக்கும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் இந்த மாதங்களில்தான். சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். கடலோர அறையில் தங்கினால் இரவில் கடலைப் பார்த்த விளக்கை அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறிவிடும். காணும் பொங்கலன்றும் புத்தாண்டு இரவிலும் இந்தச் சாலைப் பக்கமே போக வேண்டாம். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் சிறு படகுகள் கொண்டுவரும் மீன்தான் கிடைக்கும். அளவு குறைவு, விலை அதிகம்.

மாமல்லபுரம் வரையிலான முதல் 55 கிலோமீட்டரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த இடங்கள். விடியற்காலையில் கிளம்பி அதை வேகமாகக் கடந்துவிட்டு, வெயில் ஏறும் முன் மாமல்லபுரத்தில் இருந்தால் போதும். அர்ச்சுனன் தபசின் முன்னால் கூட்டமில்லாமல் நிற்க முடிவது அந்த ஒரு மணி நேரம்தான்.

என் பரிந்துரை அதற்குத் தெற்கே இருக்கும் பாதிக்குத்தான். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. செங்கல் மதில், தானியக் கிடங்கு, உள்ளே 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், அவற்றின் மேல் நுணுக்கமாகச் செதுக்கிய எழுத்தும் உருவங்களும். இந்தக் கரைக்கு எதிரே 1782 பிப்ரவரியில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. மதில்மேல் ஏறி நின்றால் அந்தக் கடல் தெரியும். அரைமணி நேரம் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் வெளியே வர மனமில்லாமல் நிற்கும் இடம் இது. அடுத்து பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான், ஆனாலும் பாலத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது. கழியைக் கடந்து எதிர்ப்புற மணல் திட்டில் கொண்டுபோய் விடுவார்கள். மதிலே இல்லாத கடலை அங்கே பார்க்கலாம்.

கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்டது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்டது. இங்கிருந்து உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் கப்பலேறின. இன்று பிளந்த மதில்கள், அவற்றின் நடுவே புதர், கீழே உப்பங்கழியில் இறால் பிடிக்கும் ஆட்கள், கழிக்கு அப்பால் மணல்திட்டு, அதற்கும் அப்பால் கடல். மாலை நான்கு மணிக்குப் போனால் இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். தண்ணீர் எடுத்துப் போங்கள், கடை எதிர்பார்க்காதீர்கள். தின்பண்டக் காகிதத்தையும் புட்டியையும் திரும்ப எடுத்து வாருங்கள். அந்தக் கோட்டைக்குள் குவிந்து கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளைப் பார்க்கும்போது பட்டணத்துக்காரர்கள் என்ற முறையில் நாம் வெட்கப்பட வேண்டும்.

ஆலம்பரை இருக்கும் இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். இந்த மண்ணின் பயணத் திட்டத்தைத் தமிழில் முதலில் எழுதியவர் இவரே என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. வறுமையில் வாடும் பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்புகிற அந்தப் பாட்டு, எந்த ஊர் வழியாகப் போனால் யார் வீட்டில் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறது. கடலோர எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும்; வேலூரில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும்; ஆமூரில் சோறும் நண்டும். கடைசியில் திண்டிவனத்தை அடுத்த கிடங்கில். அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நெய்தலில் தொடங்கி ஒவ்வொரு நிலத்திலும் நின்று, உண்டு, பேசிப் போகிற வழி அது. அந்தப் புலவருக்குத் தெரிந்திருந்த விதத்தில் இந்த வழியை அறிந்தவர் இன்று நம்மில் எத்தனை பேர்?

மரக்காணத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். சாலையின் இருபுறமும் உப்பளம். மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டி, கோடையில் விளைச்சல் உச்சத்துக்கு வரும். விடியும் முன்பே ஆண்களும் பெண்களும் உப்பு வார இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறியபின் அந்த வெண்மையில் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. வாரிய உப்பைக் கரையில் குவித்து ஓலையால் மூடிவைப்பார்கள். வேலை செய்பவர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சாலையோரத்தில் மூட்டையாகவும் படியாகவும் விற்கும் கல் உப்பை வாங்கிவாருங்கள். ஊருக்குள் சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீஸ்வரர் கோயில் இருக்கிறது. மேற்கே கழுவேலி, 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த சதுப்பு நிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்டது. தை, மாசியில் அதிகாலையில் பைனாகுலரோடு போனால் பூநாரைகளைப் பார்க்க வாய்ப்புண்டு.

மரக்காணத்தைத் தாண்டினால் புதுச்சேரி முக்கால் மணி நேரம். கடைசிக் கிலோமீட்டர்களில், கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடிப் பக்கம் இடப்புறம் ஏதாவது ஒரு சந்தில் இறங்கிக் கடலைப் பாருங்கள். மணல் இருக்காது, கருங்கல் கொட்டியிருப்பார்கள். 1989-ல் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய அலைதடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டது. மணல் வராத வடகரையை அலை தின்றது. புதுச்சேரி நகரத்தின் கடற்கரையே பல ஆண்டு காணாமல் போயிருந்தது. பிறகு கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்ததால் தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் திரும்ப வந்திருக்கிறது. குப்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு ஊருக்காகக் கட்டிய சுவர் அடுத்த ஊரின் வீட்டை இடிப்பதை இங்கே கண்ணால் காணலாம். அழகைப் பார்க்க வந்தவர்கள் இதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று விரும்புகிறேன்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரை எங்கேயாவது ஒரு பக்கம் விட்டுவிட்டு நடந்தே ஊரைப் பாருங்கள். மது வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு திரும்பாதீர்கள். தமிழ்நாட்டு எல்லையில் சோதனை உண்டு, வழக்கும் உண்டு. வழியில் எங்கும் தெரியாத கடலில் இறங்காதீர்கள். இந்தக் கரையில் நான்கு அடி தள்ளிப் பள்ளம் விழும், கரையை விட்டு இழுக்கும் நீரோட்டமும் உண்டு. எங்கே இறங்கலாம் என்பதைக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேளுங்கள், சொல்வார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. நான்கு வழியாக அகலப்படுத்தும் பணி நடந்துவருகிறது. ஆங்காங்கே மாற்றுப்பாதையும் புழுதியும் இருக்கும், இரவில் ஓட்டுவது சிரமம். பணி முடிந்தால் பயணம் இன்னும் வேகமாகும், இன்னும் பல மனைப்பிரிவுகள் வரும். சென்னைப் பக்கம் கடந்த இருபத்தைந்து ஆண்டில் நடந்தது தெற்கே நடக்காமல் காப்பது அரசின் கையிலும் ஊர்களின் கையிலும் இருக்கிறது. கடலுக்குப் போகும் பொதுவழிகளை அடைக்க விடாமல் ஊராட்சிகள் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

இரண்டு நாள் ஒதுக்குங்கள். போகும்போது சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும், வரும்போது மரக்காணமும் கழுவேலியும் என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் ஓட்டலாம். குப்பத்துப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இந்தச் சாலைக்குக் கிழக்கே வீடும் மேற்கே பள்ளிக்கூடமுமாக வாழும் பிள்ளைகள் ஒரு நாளைக்கு இரண்டுமுறை இதைக் குறுக்கே கடக்கிறார்கள்.